பிள்ளை ஹைஸ்கூல் போகத் தொடங்கிவிட்டது, வீட்டுக்கு ஏன் ஒரு செய்தியும் வருவதில்லை? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஊரில் பிள்ளையின் படிப்பில் ஏதும் பிசகு என்றால் ஆசிரியரே வழியில் கண்டு சொல்லிவிடுவார். இங்கே ஆரம்பப் பள்ளியிலும் அது ஓரளவு நடக்கும். ஒரே வகுப்பு ஆசிரியர், பின்னேரம் வாசலில் நிற்பார், இரண்டு வார்த்தை பேசலாம். 9ஆம் வகுப்பில் அந்த வாசல் மூடிவிடும். பெரும்பாலான ஹைஸ்கூல்களில் அரையாண்டுக்கு நான்கு பாடங்கள், நான்கு ஆசிரியர்கள். பெப்ரவரியில் வேறு நான்கு பேர். ஒவ்வொருவரிடமும் நிறையப் பிள்ளைகள். அவர்கள் செய்தி அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் அது மின்னஞ்சலில், வகுப்பின் இணையப் பக்கத்தில், அல்லது பிள்ளையின் பையில் இருக்கும். நாம் தேடி எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்கும்.

என் மூத்த மகள் 9ஆம் வகுப்பில் சேர்ந்தபோது, பதிவில் என் மின்னஞ்சல் முகவரி ஓர் எழுத்து மாறி ஏறியிருந்தது. செப்டம்பர், ஒக்டோபர் இரண்டு மாதமும் பள்ளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. எல்லாம் நல்லபடி நடக்கிறது, அதனால்தான் யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். நவம்பர் ரிப்போர்ட் கையில் வந்த பிறகுதான் கணித ஆசிரியர் இரண்டு தடவை எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தையும் அவள் தனியாகச் சமாளித்திருக்கிறாள் என்பது இப்போதும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே முதல் வேலை மிகச் சின்ன வேலை. பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில் அலுவலகத்துக்குப் போய், பதிவில் இருக்கும் உங்கள் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயர் எல்லாவற்றையும் திரையில் காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். வந்த புதிதில் நாங்கள் அடிக்கடி வீடும் இலக்கமும் மாற்றுகிறோம். உறவினர் வீட்டில் இருந்தபோது கொடுத்த இலக்கமே பதிவில் தங்கிவிடுவது மிகவும் சாதாரணம். அம்மா, அப்பா இருவருடைய விவரமும் இருக்கட்டும். மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால், பள்ளிக்கென்றே ஒன்று திறந்து உங்கள் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்க வேண்டாம்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்

இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆங்கிலம் தடுக்கும் வீடுகளில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவில் நிற்பது பிள்ளைதான். ஆசிரியர் சொல்வதைப் பெற்றோருக்கும், பெற்றோர் சொல்வதை ஆசிரியருக்கும் அதுவே சொல்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும்போது ஒன்றிரண்டு வரி குறையும். அது பொய் சொல்லும் குணம் அல்ல, பயம். பயமில்லாத பிள்ளைக்கும் அது நியாயமான சுமை அல்ல. தன் அம்மாவுக்குப் புரியவில்லை என்பதை ஆசிரியர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டத்துக்கு முன்கூட்டிக் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை, உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளிச் சபை ஒழுங்கு செய்ய முடியும். ரொறன்ரோ, யோர்க், பீல், டூரம் பகுதிகளில் தமிழ் அவர்களுக்குப் புதிய மொழி அல்ல. கேட்க ஒரு வரி போதும்: “ஐ நீட் அ தமிழ் இன்டர்பிரட்டர்.” அலுவலகத்தில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் நல்லது, அன்று காலையில் கேட்டால் ஆள் கிடைப்பது கடினம்.

இன்னொருவரும் இருக்கிறார். புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவவென்று பள்ளிகளுக்கு வரும் குடியேற்றப் பணியாளர். இங்கே அவர்களைச் சுருக்கமாக ‘சுவிஸ்’ என்பார்கள், நாட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மத்திய அரசின் நிதியில் நடக்கும் சேவை, கட்டணம் இல்லை. எல்லாப் பள்ளியிலும் தினமும் இருக்கமாட்டார், எந்த நாளில் வருவார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். படிவம் நிரப்புவது முதல் வீட்டுப் பிரச்சினை வரை அவரிடம் பேசலாம்.

அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் சிலர், பள்ளியோடு அதிகம் பேசினால் ஏதாவது சிக்கல் வருமோ என்று ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோவின் கல்விச் சட்டப்படி, குடிவரவு நிலையைக் காரணம் காட்டி 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. உங்கள் பிள்ளை அங்கே படிப்பது யாரும் செய்த தயவு அல்ல. தலை நிமிர்ந்து போய்க் கேளுங்கள்.

கையெழுத்துக் கேட்டு வரும் தாள்கள்

செப்டம்பரில் ஒரு கட்டுப் படிவம் வரும், சில பள்ளிகளில் எல்லாம் இணையத்தில். ஒவ்வாமை, ஆஸ்துமா, எப்பி ஊசி (கடும் ஒவ்வாமைக்கு உடனே போடுவது) போன்ற மருத்துவ விவரம் கேட்கும் தாளை மட்டும் அன்றைக்கே நிரப்பிக் கொடுங்கள். படம் எடுத்து வெளியிட அனுமதி கேட்கும் தாளில் ‘இல்லை’ என்று போடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

தடுப்பூசி விவரத்தைப் பள்ளியிடம் அல்ல, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவிடம்தான் கொடுக்க வேண்டும். குடும்ப மருத்துவரிடம் போட்ட ஊசி அங்கே தானாகப் பதிவாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பதிவு இல்லாவிட்டால் முதலில் கடிதம் வரும், அதைக் கவனிக்காவிட்டால் பிள்ளையை 20 பள்ளி நாட்கள் வரை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையைக் கொண்டுவந்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

கைடன்ஸ் கவுன்சிலர் என்று ஒருவர்

ஊரில் இந்தப் பதவிக்குச் சரியான ஒப்பு இல்லை. பிள்ளை எந்தப் பாடங்களை எடுக்கிறது, அந்தப் பாடங்கள் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்று பார்ப்பவர் இவர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒருவர் இருப்பார், பல பள்ளிகளில் குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள். செப்டம்பர் கடைசிக்குள் அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவரிடம் என்ன கேட்பது என்று தெரிய, கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். 110 மணி நேரப் பாடம் ஒன்று, ஒரு கிரெடிட். அதோடு 40 மணி நேரச் சமூக சேவை, எழுத்தறிவுத் தகுதி (அதற்கான சோதனையைப் பொதுவாக 10ஆம் வகுப்பில் எழுதுவார்கள்). அந்த 30இல் இரண்டு கிரெடிட் இணையவழியில் எடுக்க வேண்டும். இணையப் பாடம் பிள்ளைக்கு ஒத்துவராது என்று நினைத்தால், அதிலிருந்து விலக்கக் கேட்டுப் பெற்றோர் படிவம் கொடுக்கலாம். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பிள்ளை ஊரில் 9, 10 படித்துவிட்டு வந்திருந்தால் அந்தப் படிப்பு வீணாகாது. அங்கே பெற்ற ரிப்போர்ட்டுகள், சாதாரண தரப் பெறுபேறு, எது இருந்தாலும் கொண்டுபோங்கள். அதிபர் அவற்றைப் பார்த்து எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று தீர்மானிப்பார். எத்தனை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

புதிதாக வந்த பிள்ளையை ஈஎஸ்எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்பில் போட்டால் சில பெற்றோர் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். டிப்ளோமாவுக்குக் கட்டாயமான நான்கு ஆங்கில கிரெடிட்டுகளில் மூன்று வரை ஈஎஸ்எல் மூலமே நிரப்பலாம். கவனிக்க வேண்டியது, எப்போது வழமையான ஆங்கிலத்துக்கு மாறப் போகிறது என்பது. 12ஆம் வகுப்பு ஆங்கிலம் இல்லாமல் பல்கலைக்கழகம் இல்லை. பத்தாம் வகுப்பிலேயே வந்து சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாதையைச் செப்டம்பரில் உட்கார்ந்து வரைந்தால்தான் காலம் போதும்.

பாடத்தின் தரமும் முக்கியம். 9ஆம் வகுப்பில் இப்போது பிரிவினை இல்லை. 10இலிருந்து பாதைகள் பிரிகின்றன. 11, 12இல் பல்கலைக்கழகத்துக்கு, கல்லூரிக்கு, இரண்டுக்கும், வேலைக்கு என்று பாடங்களே வேறு. பாடக் குறியீட்டின் ஐந்தாவது எழுத்து அதைச் சொல்லும்: ‘யு’ என்றால் பல்கலைக்கழகம், ‘சி’ என்றால் கல்லூரி, ‘எம்’ என்றால் இரண்டும். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் 12ஆம் வகுப்பில் ‘யு’ அல்லது ‘எம்’ பாடம் ஆறு கேட்கின்றன. மகன் கணிதத்தில் 85 எடுத்திருக்கிறான் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அது எந்தக் கணிதம் என்று பாருங்கள்.

பெற்றோர் மாலை, தானியங்கி அழைப்பு, ரிப்போர்ட்

செப்டம்பர் நடுவிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ பள்ளிகள் ஒரு மாலை பெற்றோரை அழைப்பார்கள். பிள்ளையின் நேரசூசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், ஒவ்வொரு ஆசிரியரும் சில நிமிடம் பேசுவதைக் கேட்பது வழக்கம். அன்றைக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச நேரம் கிடைக்காது. ஆனாலும் வேலையில் ஒரு ஷிப்ட் மாற்றியாவது போங்கள். முகம் தெரிந்த பிறகு எழுதும் மின்னஞ்சல் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வீட்டுப்பாடமும் மதிப்பீடும் எங்கே போடுவீர்கள்? கூகுள் கிளாஸ்ரூமா, பிரைட்ஸ்பேஸா? வாரம் ஒருமுறை பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விசாரணை போல இல்லாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் பதிவு செய்த குரலில் ஓர் அழைப்பு வரும். இன்ன பாடவேளைக்கு வரவில்லை என்று சொல்லும். விளம்பர அழைப்பு என்று துண்டித்துவிடாதீர்கள், பள்ளியின் இலக்கத்தைப் பெயரோடு கைபேசியில் சேமித்து வையுங்கள். காய்ச்சல் என்று வீட்டில் நிறுத்தினால் நீங்களே முதலில் அறிவியுங்கள். அப்புறம், 2024 செப்டம்பரிலிருந்து 7 முதல் 12 வரை வகுப்பு நேரத்தில் ஆசிரியர் அனுமதித்தால் தவிரக் கைபேசி எடுக்கக் கூடாது. பகலில் பிள்ளையைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பதற வேண்டாம், அவசரம் என்றால் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

நவம்பரில் முதல் ரிப்போர்ட் வரும்போது எல்லோரும் இலக்கத்தைத்தான் பார்ப்போம். நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டங்களை. பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தானாகச் செய்தல் என்று ஆறு பழக்கங்களுக்கு ‘ஈ, ஜி, எஸ், என்’ என எழுத்துப் போட்டிருப்பார்கள். ‘ஈ’ மிகச் சிறப்பு, ‘என்’ என்றால் முன்னேற்றம் தேவை. 72 எடுத்த பிள்ளைக்கு அங்கே ஒரு ‘என்’ இருந்தால், அடுத்த ரிப்போர்ட்டில் 72 நிற்காது. அதே தாளில் வகுப்பின் நடு மதிப்பெண்ணும் இருக்கும், ஒப்பிட்டுத் திட்டுவதற்கு அல்ல, நிலைமையை அளக்க. 11, 12இல் ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால், இந்த இடைக்கால ரிப்போர்ட் வந்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் விட்டால் அது நிரந்தரப் பதிவில் ஏறாது. அந்த ஐந்து நாளுக்குள் கவுன்சிலரைக் கண்டு பேசிவிடுங்கள்.

பள்ளி தொடங்கி முதல் 30 நாட்களுக்குள் பெற்றோர் சபைத் தேர்தல் நடக்கும். நிற்காவிட்டாலும் கூட்டத்துக்குப் போகலாம், வருடத்துக்குக் குறைந்தது நான்கு கூட்டம், யாருக்கும் திறந்தது. முன்வரிசையில் ஒரு தமிழ்த் தாய் உட்கார்ந்திருப்பதை அதிபர் பார்ப்பதே நல்லது.

கடைசியாக, 12ஆம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்களுக்கு ஒன்று. 18 வயது ஆன அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சட்டப்படி வளர்ந்தவர். ரிப்போர்ட்டும் வரவு விவரமும் அவருடையவை, அவர் சம்மதிக்காமல் பள்ளி உங்களோடு பேசாது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான ஜனவரி 15 கெடுவும் அதே வருடத்தில்தான் வருகிறது. பிறந்தநாள் இலையுதிர் காலத்தில் என்றால் இப்போதே பிள்ளையோடு இருந்து பேசுங்கள். அவர் மனமொத்துச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டால், அதைப் பிறந்தநாளுக்கு முன்பே அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.