பழைய லென்ஸில் எண்ணெய் விடாதீர்கள்; வேறு சில தவறுகளும்

மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. ஹீலியோஸ், டாகுமார் என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் என்னிடம் லென்ஸைக் கொண்டுவந்து காட்டும் புதியவர்களில் பலர், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். மூடியைக் கழற்ற மறப்பது போன்றவை தாமாகவே சரியாகிவிடும். பணத்துக்கோ பொருளுக்கோ படத்துக்கோ சேதம் விளைவிப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

## எந்த லென்ஸும் எந்தக் கேமராவிலும் சேரும் என்று நம்புவது

லென்ஸை மாட்டும் வளையமான மவுன்ட்டிலிருந்து சென்சர் வரை உள்ள தூரம் ஒவ்வொரு வகை மவுன்ட்டுக்கும் வேறு. எம்42 திருகு லென்ஸுக்கு அது 45.46 மி.மீ. சோனி ஈ மவுன்ட்டில் 18, நிக்கான் இசட்டில் 16. இடையில் மிஞ்சும் தூரத்தை அடாப்டர் என்ற வெற்றுக் குழாயே நிரப்பிவிடும். உள்ளே பிரதிபலிக்கும் ஆடி வைத்த, நிக்கானின் எஃப் மவுன்ட் டிஎஸ்எல்ஆர் கேமராவில் அதே தூரம் 46.5. அடாப்டருக்கு அங்கே இடமே இல்லை. பக்கத்தில் இருக்கும் முகம் ஃபோகஸ் ஆகும். தொலைவில் இருக்கும் மலை ஆகாது. இதற்கென்றே கண்ணாடி பதித்த அடாப்டர்கள் கிடைக்கின்றன. மலிவான அந்தக் கண்ணாடி, நீங்கள் விரும்பி வாங்கிய லென்ஸின் தெளிவைத்தான் முதலில் கெடுக்கும்.

## பழைய நிக்கான் லென்ஸை ஆண்டு பார்க்காமல் மாட்டுவது

அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எவ்வளவு என்று லென்ஸிலிருந்து கேமராவுக்குத் தெரிவிக்கும் நிக்கானின் ஏஐ முறை வந்தது 1977-இல். அதற்கு முந்தைய, திருத்தம் செய்யப்படாத லென்ஸை மாட்டினால், பல நிக்கான் டிஎஸ்எல்ஆர்களின் மவுன்ட் ஓரத்தில் இருக்கும் அபெர்ச்சர் நெம்புகோல் உடையலாம். விசாரிக்காமல் மாட்டாதீர்கள்.

## இறுகிய ஃபோகஸ் வளையத்தில் எண்ணெய் விடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத தவறு இது.

ஓர் இளைஞர் 55 மி.மீ. சூப்பர் டாகுமார் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கும்போது வளையம் இறுகியிருந்ததாம். இடுக்கில் தையல் இயந்திர எண்ணெயை விட்டிருக்கிறார். “இப்போது எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது பாருங்கள், அண்ணா” என்றார். நான் அபெர்ச்சரை 16-க்கு, அதாவது மிகச் சிறிய துளைக்குத் திருப்பி, முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். துளையைச் சுருக்க வேண்டிய ஆறு இதழ்களும் எண்ணெய்ப் பளபளப்போடு திறந்த நிலையிலேயே நின்றன. ஏதோ ஒரு வளையம் மாட்டிக்கொண்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

உள்ளே நடப்பது இதுதான். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவது ஹெலிகாய்டு என்னும் மரை. அதில் பூசியிருந்த கெட்டியான கிரீஸ் பல பத்தாண்டுகளில் காய்ந்து பசையாகிவிடும், இறுக்கம் அதனால்தான். மெல்லிய எண்ணெய் அந்தப் பசையைக் கரைக்கிறது, ஆனால் அங்கேயே தங்குவதில்லை. கரைந்த கிரீஸையும் சேர்த்துக்கொண்டு, வெயில் பட்டால் இன்னும் விரைவாக, அபெர்ச்சர் இதழ்களுக்குப் பரவுகிறது. ஈரமான கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல் இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை மூடும் வில்லுக்கோ அந்தப் பிடியை விடுவிக்கும் வலு கிடையாது. எண்ணெயின் ஆவி உள்கண்ணாடிகளில் படிந்து புகைமூட்டமாகிறது. எதிர் வெளிச்சத்தில் எடுத்த படம் வெளுத்துப்போவதைப் பார்த்துப் பலர் ‘பழைய லென்ஸின் குணம்’ என்று ரசிக்கிறார்கள். அது குணம் அல்ல, அழுக்கு.

முழுவதும் பிரித்துப் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, ஹெலிகாய்டுக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுவதுதான் வழி. பிரிப்பதிலும் பொறி உண்டு. ஹெலிகாய்டு மரைக்குப் பல தொடக்க இடங்கள் இருக்கும். இரு பாகங்களும் விடுபடும் அந்தக் கணத்தில் இரண்டிலும் ஊசியால் நேருக்கு நேர் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோடு போடாதவர் திரும்ப மாட்டும்போது வேறொரு தொடக்கத்தில் நுழைத்துவிடுவார். வளையம் சுகமாகச் சுற்றும்; தொலைவு மட்டும் ஃபோகஸ் ஆகாது. சரியான இடம் கிடைக்கும் வரை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதுதான். ஜப்பானிய லென்ஸ்களின் கூட்டல் குறித் திருகுகளுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவுத் திருப்புளி தேவை. சாதாரண பிலிப்ஸ் நழுவித் திருகின் தலையைத் தேய்த்துவிடும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் இறுக்கத்தோடே படம் எடுங்கள். இறுகிய வளையம் கையைத்தான் வருத்தும், படத்தைக் கெடுக்காது.

## வாங்குமுன் டார்ச் அடித்துப் பார்க்காதது

அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். நூலிழைகளாகக் கிளைப்பது பூஞ்சை. முன்கண்ணாடியின் ஒரு கீறலுக்காக நல்ல லென்ஸை ஒதுக்கிவிட்டு, பூஞ்சை பிடித்ததை வாங்கிவருகிறார்கள்.

## மஞ்சளாகிவிட்டது என்று கண்ணாடியைத் தேய்ப்பது

50 மி.மீ. எஃப் 1.4 டாகுமார்களில் பலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு; மஞ்சளாவது அதுதான். மஞ்சள் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் வெளுத்துவிடும்.

## திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடுவது

பெரிதாகத் திறக்கும் பழைய அதிவேக லென்ஸ்கள் சிலவற்றில், 1.4-இல் ஃபோகஸ் செய்து 2.8-க்கு மூடினால் கூர்மையான தளம் சற்றே இடம்பெயரும். கண் இமையில் வைத்த ஃபோகஸ் காதை நோக்கி நகர்ந்துவிடும். எந்த அபெர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே, திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் ஆன இடத்தைக் காட்டக் கேமரா திரையில் ஓரங்களில் மின்னவிடும் வண்ணக்கோடுகளை மட்டும் நம்பாதீர்கள்.

## லென்ஸை மாற்றிவிட்டு மெனுவை மாற்றாதது

சென்சரை அசைத்து நடுக்கத்தைத் தடுக்கும் கேமராவுக்குப் பழைய லென்ஸின் குவியத் தொலைவு தானாகத் தெரியாது. 135 மி.மீ. லென்ஸைக் கழற்றி 28-ஐ மாட்டிவிட்டு மெனுவில் 135 என்றே விட்டிருந்தால், கேமரா தேவைக்கு மேல் சென்சரை அசைத்துப் படத்தை அதுவே கலங்கடிக்கும். மெனுவில் தர வேண்டியது லென்ஸில் பொறித்திருக்கும் எண். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சர் என்றாலும் 1.5-ஆல் பெருக்க வேண்டியதில்லை.