சாரல் ஊருக்கு ஒரு சப்வூஃபர் பாக்ஸ்: 12 இஞ்ச் ஸ்பீக்கருக்கு முதல் பெட்டி

கார் டிக்கிக்கு சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டியை முதல் தடவை செய்பவர்கள் சீல்டு பாக்ஸோடு, அதாவது முழுக்க மூடிய பெட்டியோடு, நிற்பது நல்லது. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் குழாய் நீளம் கொஞ்சம் பிசகினாலும் ட்யூனிங் (குழாய்க் காற்று ஒத்து அதிரும் ஹெர்ட்ஸ்) மாறிவிடும்; அந்த ட்யூனிங்குக்குக் கீழே கோனை (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) பிடித்து நிறுத்த காற்று இருக்காது, வால்யூம் ஏற்றினால் ஸ்பீக்கர் அடிவாங்கும். சீல்டு பாக்ஸ் சிறு தப்பைப் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதது ஒன்றுதான்: காற்றுக் கசிவு.

படி 1: பலகை

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் ஜூனில் சாரல் தொடங்கினால் டிக்கியில் ஈரம் காயாது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) கனமானது, அறுக்க சுகமானது. ஆனால் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் பிஸ்கட் போல உப்பிவிடும். 18 மி.மீ. மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். பலகையில் ஐஎஸ் 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். ‘வீட்டில் பலா, அயினிப் பலகை கிடக்கிறதே’ என்று தோன்றும், வேண்டாம். முழு மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், மூட்டு விட்டுப்போகும்.

படி 2: கணக்கு

ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), வாஸ் (கோனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 30 ஹெர்ட்ஸ், 0.50, 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓசை சீராக வர பெட்டிக்கு வைக்கும் இலக்கு எண் 0.707; அதை க்யூடிஎஸ்ஸால் வகுத்தால் 1.414. அதை அதனாலேயே பெருக்கினால் 2. ஒன்றைக் கழித்தால் 1. வாஸை இந்த 1-ஆல் வகுத்தால் 30 லிட்டர். பெட்டிக்குள் இருக்கவேண்டிய காற்று இவ்வளவு. ஸ்பீக்கரின் உடம்பு அடைக்கும் இடம் சுமார் 2.5 லிட்டர், உள்ளே வைக்கும் தாங்குகட்டைக்கு அரை லிட்டர்; ஆக 33 லிட்டர்.

உயரம் 34, அகலம் 44, ஆழம் 22 செ.மீ. என்றால் 32.9 லிட்டர் வரும். இவை உள்ளளவுகள். ஆசாரியிடம் ‘34, 44, 22’ என்று மட்டும் சொன்னால் வெளியளவாக எடுத்துக்கொள்வார், உள்ளே 22.6 லிட்டர்தான் தேறும். பத்து லிட்டரைப் பலகை தின்றுவிடும். அதனால் துண்டு துண்டாக எழுதிக் கொடுங்கள்:

முன், பின்: 47.6 × 37.6 செ.மீ., 2 துண்டு
மேல், கீழ்: 47.6 × 22 செ.மீ., 2 துண்டு
பக்கம்: 34 × 22 செ.மீ., 2 துண்டு

நாலுக்கு நாலு அடிப் பலகை போதும். மிச்சத்தில் முன்பலகைக்கு இரண்டாம் அடுக்கும் வெட்டலாம். அறுக்கக் கொடுக்கும் முன் டிக்கியின் வாயை அளந்துவிடுங்கள். உள்ளே இடம் தாராளமாக இருந்தும் வாய் வழியாகப் பெட்டி நுழையாத கார்கள் உண்டு.

படி 3: வட்டம்

தாளில் ‘கட்அவுட்’ என்று போட்டிருக்கும் விட்டத்துக்குத்தான் வெட்டவேண்டும். 12 இஞ்ச் ஸ்பீக்கருக்கு அது 28 செ.மீ. சுற்றி வரும். வெளி விளிம்பை வைத்து வரைந்து வெட்டினால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் விழும், பலகை வீண்.

படி 4: மூட்டு

மூட்டு முழுக்க மரைன் பசையை இடைவெளி விடாமல் தடவி, 12 செ.மீ.க்கு ஒன்றாக ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ போடுங்கள். முதலில் 3 மி.மீ. துளை போடாமல் முடுக்கினால் ப்ளைவுட் ஓரம் பிளக்கும். பசை காய ஒரு நாள். பிறகு ஸ்பீக்கர் துளை வழியாகக் கையை விட்டு, உள்மூலைகள் எல்லாவற்றிலும் மரத்தூள் குழைத்த பசையைப் பூசுங்கள். அதற்குப் பதில் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பூசியிருந்தால் வாடை முழுக்கப் போகும்வரை ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்; அந்த ஆவி உலோகத்தை அரிக்கும். வெளியே தெரியும் ஓரங்களுக்கு இரண்டு கோட் வார்னிஷ்.

படி 5: மாட்டுதல், கசிவு பார்த்தல்

தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சு 300 கிராம் உள்ளே தளர்வாக விரியுங்கள். காந்தத்தின் பின்துளையை மூடக்கூடாது. ஸ்பீக்கர் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

இரண்டு கையாலும் கோனை மெல்ல அமுக்கி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. அதைப் பிடிக்க, ஃபேனை நிறுத்திவிட்டு 30 ஹெர்ட்ஸ் டோனைச் சன்னமாக ஓடவிட்டு, மூட்டோரமாக ஊதுவத்தியைக் கொண்டுபோங்கள். நேராக ஏறும் புகை ஓரிடத்தில் துடிக்கும். பெரும்பாலும் அது ஒயர் டெர்மினல் கப்பாகத்தான் (ஒயரை இணைக்கப் பெட்டியில் பதிக்கும் கிண்ணம்) இருக்கும். கழற்றி, பசை வைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

படி 6: காரில்

ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) லோ பாஸை (தாழ்ந்த ஓசையை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ். ஸ்பீக்கரோடு சேர்த்துப் பெட்டி 15 கிலோ வரை வரும். புளியரை எஸ் வளைவில் அது டிக்கிக்குள் உலாவ ஆரம்பித்துவிடும். எல் கிளாம்ப் நான்கு வைத்துத் தரையோடு இறுக்குங்கள். துளை போடும் முன் கார் அடியில் குனிந்து, பெட்ரோல் டேங்கும் அதன் குழாயும் எங்கே போகின்றன என்று பாருங்கள்.