வெள்ளைக் கொக்கும் ஒரு மணி நேர வெளிச்சமும்

கொழும்பில் பறவைப் படம் எடுக்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட ஊர் இது. தலங்கம குளக்கரை, பெத்தகான, தியசரு பூங்காக்கள், நகர நடுவே பேர வாவி என்று எங்கே நின்றாலும் ஒரு கொக்காவது கண்ணில் படும்.

தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் சரிந்து ஏறாமல் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும், மணிக்கு 15 பாகை வரை. ஆறு மணியளவில் உதித்தால் ஏழேகாலுக்கே மென்மை குறைந்துவிடும். எட்டரைக்குக் கொக்கின் முதுகு சுண்ணாம்பு, வயிறு கரி. பூங்காக்கள் சிலவற்றின் கதவு திறக்கவே நேரமாகும். முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை முதலில் தின்பது லென்ஸில் படியும் பனி. ஏசி அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த கண்ணாடியை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதில் ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் மறுபடி படியும். புறப்பட 30 நிமிடத்துக்கு முன் கமராப் பையை மூடியபடியே ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். வாகனத்திலும் ஏசியை நிறுத்துங்கள். பனி படிந்த நிலையில் மட்டும் லென்ஸை மாற்ற வேண்டாம், ஈரம் உள்ளே போய்விடும்.

நிற்கும் இடத்துக்கு நிழலே வழிகாட்டி. உங்கள் நிழல் பறவையை நோக்கி விழ வேண்டும். காலையில் அது குளத்தின் கிழக்குக் கரை. பிறகு உட்காருங்கள். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு வந்தால் பின்னணி தூரமாகி மங்கும். நின்றபடி எடுத்தால் கொக்குக்குப் பின்னால் சேறுதான் தெரியும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீர் விளிம்பை விட்டுத் தள்ளியே இருங்கள்.

அதிகம் தவறு நேர்வது வெள்ளை நிறத்தில். கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட புதருக்கு முன்னால் சிறியதாக ஒரு கொக்கு நின்றால், புதரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகு வெறும் வெள்ளைக் கடதாசி ஆகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை -1க்குக் குறையுங்கள், வேண்டுமானால் -1.3. கொக்கே சட்டத்தை நிறைத்தால் நிலைமை தலைகீழ்: +0.7 அளவு கூட்டாவிட்டால் அழுக்கு வேட்டி நிறம்தான் வரும். வெளிறிய வானத்தில் நீர்க்காகம் பறந்தால் +1 அல்லது +1.5. கமரா பதப்படுத்தாத ரோ கோப்பாக எடுத்தாலும் அடியோடு வெளுத்த இறகை மீட்க முடியாது. முதல் இரண்டு படத்துக்குப் பின் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது சுவரில் முட்டினால் இன்னும் குறையுங்கள். நிற்கும் பறவைக்கு ஷட்டர் 1/500 வினாடி, பறப்பதற்கு 1/2000. விடியலில் இதற்கு ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 1600, 3200 தேவைப்படும். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழுமே என்று பயந்து ஷட்டரைத் தளர்த்துகிறவர்கள்தான் அதிகம். புள்ளியைக் கணினியில் குறைக்கலாம், அசைந்த கண்ணை எதுவும் செய்ய முடியாது.

சின்னக் கொக்கை அடையாளம் காண்பது எளிது: கரிய அலகு, கரிய கால், பாதம் மட்டும் மஞ்சள். அந்தப் பாதத்தைச் சேற்றில் நடுநடுங்க ஆட்டி மீனைக் கிளப்பும். அப்போது எடுக்காதீர்கள். ஆட்டம் நின்று, கழுத்து பின்னுக்கு மடங்கி, உடல் அப்படியே உறையும். அந்தக் கணத்தில் தொடர் ஷட்டரை அழுத்துங்கள். அலகு தண்ணீரில் விழுந்த பிறகு அழுத்தினால் தெறித்த நீர் மட்டுமே மிச்சம். மீன் துண்டு எறிந்து வரவழைப்பது கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்த கதை: பறவை மனிதக் கையை எதிர்பார்க்கப் பழகும், படமும் பிச்சை கேட்கும் முகமாகவே வரும்.

வீடு திரும்பியதும் பையைத் திறந்து காய விடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் மூடிய தோல் பைக்குள் கிடக்கும் லென்ஸில் சில மாதத்திலேயே சிலந்தி வலைபோல் பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று போதும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். ஈரத்தை உறிஞ்சி சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் காய வைத்து மறுபடி பாவிக்கலாம். சமையல் சட்டியில் மட்டும் வேண்டாம். அந்த நீலம் நச்சான கோபால்ட் உப்பு.