கடலோரத்தில் ஒரு கலைஞரைப் படம் பிடிக்க

கடற்கரையில் வேலை செய்யும் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள். படப்பிடிப்பு நேரத்தையே நான் அதை வைத்துத்தான் முடிவு செய்வேன். பெரும்பாலான கரைகளில் ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். இன்று 7 மணிக்குக் கிடைத்த ஈர மணல் நாளை ஏறக்குறைய 7.50க்குத்தான் கிடைக்கும். அதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் ஒரே காட்சியை இரண்டு நாளாகப் பிரிக்காதீர்கள். மணலில் வரைபவர் என்றால் பௌர்ணமியை அல்லது அமாவாசையை ஒட்டிப் போங்கள். அப்போது கடல் அதிகம் உள்வாங்கும், வரைய இடம் நிறைய கிடைக்கும்.

அடுத்தது ஒலி. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. கரையொதுங்கிய மரத்தில் சிற்பம் செய்யும் ஒரு அம்மா, தன் முதல் சிற்பத்தைப் பற்றி அலை ஓரமாக நின்று பேசினார். ஹெட்ஃபோன் மாட்டாமல் பதிவு செய்தேன். பாதிப் பேச்சு அலையில் போய்விட்டது. மறுநாள் திரும்பக் கேட்டபோது அதே விஷயத்தைச் சொன்னார், ஆனால் அந்தக் குரல் வரவில்லை.

அலைச் சத்தத்தில் எல்லா அலைவரிசையும் கலந்திருப்பதால், எடிட்டிங்கில் அதை வடிகட்டினால் குரலும் சேர்ந்து தேயும். பேட்டியை மணல்மேட்டுக்குப் பின்னால் வையுங்கள். காற்று இரைச்சலைக் குறைக்க மைக்குக்கு ரோம உறை கட்டாயம். அப்புறம் அலையை மட்டும் தனியாக 2 நிமிடம் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் பின்னணி துள்ளுவதை அது மூடிவிடும்.

லென்ஸை மணலில் நின்று மாற்றாதீர்கள். கண்ணாடியில் உப்புத் துளி காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, கீறிவிடும். முதலில் ஊதி, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றுங்கள். ட்ரைபாடில் கால்களின் அடிப்பகுதியை முதலில் நீட்டினால், கால்களை இறுக்கும் பூட்டுகள் மணலுக்கு மேலேயே இருக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது கேமரா பையை அரை மணி நேரம் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும்.

வந்ததும் கடலைத்தான் எடுக்கத் தோன்றும். ட்ரோனைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மரத்தில் செதுக்கும் கலைஞரின் கையருகே உட்காருங்கள். உளி இறங்குவதற்கு முன் மரத்தின் விரிசலைப் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். அது வரும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள்.