மானாவாரியில் உழவைக் குறைக்கப் போகிறீர்களா? முதலில் மூடாக்கு

மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்தில் உழவைக் குறைப்பதற்கு முன், நிலத்தை எதைக் கொண்டு மூடுவது என்று யோசியுங்கள். விதைத்த பிறகும் குறைந்தது 30 சதவீத நிலமாவது, அறுவடைக்குப் பின் மிஞ்சும் தாள், தட்டையால் மூடியிருக்க வேண்டும்; இதுதான் மூடாக்கு. வெறும் மண்ணை உழாமல் போட்டால், மழைத்துளி அடித்து மேல்மண் ஓடுபோல் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும்.

வளரும் நாடுகள் பலவற்றில் அந்தத் தட்டைதான் மாட்டுக்குத் தீவனம். மொத்தத்தையும் வயலில் விடச் சொல்வது நியாயமே இல்லை. மேல்பாதியை அறுத்துக்கொண்டு அடிக்கட்டையை நிற்கவிடுங்கள்.

அதற்கும் வழியில்லாத இடங்களுக்கு, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோ விவசாயிகளின் 'ஜாய்' குழி எனக்கு மிகவும் பிடித்த முறை. வறண்ட காலத்திலேயே 20 முதல் 40 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தொழுவுரம் போட்டு வைக்கிறார்கள். மழை விழுந்ததும் அதிலேயே கம்போ சோளமோ விதைப்பு. வழிந்தோடும் நீர் குழியில் தங்கி வேருக்குப் போகிறது. குழிகளுக்கு இடைப்பட்ட நிலத்தை உழுவதில்லை.

உழவைக் குறைத்த முதல் சில ஆண்டுகள் களை கூடுதலாகத்தான் வரும். விதை கட்டும் முன்பே கொத்திவிடுங்கள். கொத்த ஆள் கிடைக்கும் அளவுக்கு மட்டும், நிலத்தின் ஒரு பகுதியில் தொடங்கினால் போதும்.