வெளி ஆளு நடத்துற டெவலப்பர் ட்ரெயினிங்குக்கு போல்காடாட் ட்ரெஷரி காசு கேட்டா ஓட்டு போடறது எப்படி

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க, வீட்ல தமிழு, கடைவீதில மலையாளம், ராத்திரியானா போல்காடாட்ங்கற பிளாக்செயின்ல வர்ற ரெஃபரண்டம், அதாவது டாட் காயின் வச்சிருக்கறவங்க ஓட்டு போடற ப்ரபோசல், பாக்கறதே பொழப்பு. போன வாரம் தம்பி ஒருத்தன் "அண்ணா, வெளி கம்பெனி ஒண்ணு நூறு பசங்களுக்கு கோடிங் சொல்லித் தர்றேன்னு ட்ரெஷரில கேக்குது, யெஸ்ஸா நோவா"ன்னான். ட்ரெஷரிங்கறது அந்த செயினோட பொதுப் பணப்பெட்டி. அவன் கேட்டதுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்ல முடியாது, நான் பாக்கற முறைய சொல்றேன்.

அவசரம் வேணாம், ஸ்பெண்டர் ட்ராக்குல (ட்ரெஷரி காசு கேக்கற ப்ரபோசல் போற வரிசை) முடிவுக்கு 28 நாள் வரைக்கும் இருக்கு, போட்ட ஓட்ட நடுவுல மாத்திக்கவும் செய்யலாம்.

ப்ரபோசல்ல இருக்கற கலர் படத்த விட்டுட்டு நேரா அவங்க பழைய பேட்ச்சோட கிட்ஹப் (கோட் போட்டு வைக்கற சைட்) லிங்க் கேளுங்க. தரலைன்னா அங்கயே நோ. நான் ஒருதடவ இப்படி வாங்கி பத்து ரெப்போ (ஒவ்வொரு பையனோட கோட் ஃபோல்டர்) தொறந்தேன், ஏழுல ஒரே டோக்கன் கான்ட்ராக்ட்டுங்க (காயின் உண்டாக்கற ப்ரோக்ராம்), பேர மட்டும் மாத்தி வச்சிருக்கு, ஒருத்தன் கமெண்ட்ல முந்தின பையன் பேரக்கூட அழிக்கல. கமிட் தேதிய, அதாவது கோட் மாத்தத்த பதிஞ்ச தேதிய, பாத்தா எல்லாம் கோர்ஸ் முடியற கடைசி ரெண்டு நாள், அதுக்கப்பறம் யாரும் அந்தப் பக்கமே வரல. சர்டிபிகேட் மட்டும் எல்லாருக்கும் போயிருச்சு. ஒழுங்கா நடந்த பேட்ச்சுன்னா வாரா வாரம் தப்பும் திருத்தமுமா கமிட் கெடக்கும்.

அடுத்து, என்ன சொல்லித் தர்றாங்கன்னு பாருங்க. பாராசெயின் (போல்காடாட்டோட சேந்து ஓடற தனி செயின்) எழுதணும்னா ரஸ்ட்ங்கற லாங்வேஜ் வேணும், அவங்க வெறும் சாலிடிட்டி (எத்தீரியம்ங்கற வேற செயினுக்கு வந்த லாங்வேஜ்) பேஸிக்ஸ் எடுத்தா பசங்க படிச்சு முடிச்சு நேரா எத்தீரியம் பக்கம் வேலைக்குப் போவாங்க, அது அவங்களுக்கு நல்லதுதான், ஆனா நம்ம காசுல ஏன்? திருவனந்தபுரத்துல கேரளா பிளாக்செயின் அகாடமி 2017-லயே ஆரம்பிச்சாச்சு, அந்த மாதிரி ஏற்கனவே பசங்களும் வாத்தியாரும் இருக்கற எடத்தோட சேந்து நடத்தலாமேன்னு கேட்டுப் பாருங்க.

காசு விஷயம் நம்ம மாரியம்மன் நோம்பிக்கு செண்டைமேளம் பேசற மாதிரிதான், அட்வான்ஸ் கொடுப்போம், மீதி கொட்டி முடிச்சப்பறம். கால்வாசி மொதல்ல, பேட்ச் முடிஞ்சதும் பாதி, கடைசி கால்வாசி ஆறு மாசம் கழிச்சு எத்தன பேரு இன்னும் நம்ம செயின்ல கோட் எழுதறாங்கன்னு பாத்து. பணம் மல்டிசிக்ல (பல பேரு சாவி போட்டாத்தான் தொறக்கற வாலட்) இருக்கணும், அதுல வெளி கம்பெனிக்கு சம்பந்தமில்லாத ஆளு ரெண்டு பேராவது சாவி வச்சிருக்கணும். டாட்ல கேட்டா வெல எறங்குனதும் "பத்தல"ன்னு மறுபடி வருவாங்க, அதுக்கு டாலர் வெலையோட ஒட்டி நிக்கற காயினான யூஎஸ்டிசி-லயோ யூஎஸ்டிடி-லயோ கேக்கச் சொல்லுங்க, ட்ரெஷரில அதுக்கு வழி இருக்கு. பசங்களுக்கு ஸ்டைபெண்ட் டோக்கனா தர்றதா இருந்தா டேக்ஸ் கணக்க முன்னாடியே சொல்லிடணும், 2022-ல இருந்து இங்க கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், விக்கறப்ப 1 சதவீதம் டிடிஎஸ் வேற, காலேஜ் பையனுக்கு இது எங்க தெரியப்போகுது.

என் கணக்குல மொத தடவையே நூறு பேருன்னு வந்தா நோ, இருபது பேருன்னு வந்தா யோசிப்பேன். நோ போட்டா கீழ காரணத்த எழுதுங்க, சும்மா குத்திட்டுப் போனா அடுத்த மாசம் அதே ப்ரபோசல் வேற தலைப்புல வரும்.

தம்பிகிட்ட பழைய பேட்ச் லிங்க்க கேட்டு வாங்கச் சொன்னேன், நேத்து வந்திருக்கு, இப்ப உக்காந்து ஒவ்வொரு ரெப்போவா தொறந்துட்டு இருக்கான்.