ஜப்பானியக் கடற்படை எண்ணெய்க் கப்பலின் போர்க்காலப் பணியைத் தொகுப்பது எப்படி

1941 நவம்பர் 26 அன்று குரில் தீவுக் கூட்டத்தின் ஹிதோகாப்பு வளைகுடாவிலிருந்து ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களுடன் ஹவாய் நோக்கிப் புறப்பட்ட அணியில் ஏழு எண்ணெய்க் கப்பல்களும் இருந்தன. கியோகுதோ மாரு, கென்யோ மாரு, கொகுயோ மாரு, ஷின்கொகு மாரு, தோஹோ மாரு, தோயெய் மாரு, நிப்பொன் மாரு என்பன அவற்றின் பெயர்கள். பேர்ள் துறைமுகத் தாக்குதலைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளபோதிலும், அந்த ஏழு கப்பல்களும் இல்லாமல் தாக்குதல் அணி அவ்வளவு தொலைவு சென்று திரும்பியிருக்க முடியாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோவதே பெரும்பாலான நூல்களின் வழக்கம். அத்தகைய கப்பல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கட்டப்பட்ட நாள் முதல் மூழ்கிய நாள் வரையிலான பணியை ஆவணங்களைக் கொண்டு தொகுக்க விரும்புவோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக ஷின்கொகு மாருவையும் அதனுடன் சென்ற கப்பல்களையும் கொள்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, கப்பல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்வது. பெயரின் இறுதியில் ‘மாரு’ என்று இருந்தால் அது வணிகக் கப்பலாகப் பிறந்தது. போர்க்காலத்தில் கடற்படை அதை வாடகைக்கு எடுத்துத் தன் துணைக் கப்பலாகப் பதிவுசெய்திருக்கும். கடற்படை தனக்கென்றே கட்டிய எண்ணெய்க் கப்பல்களுக்கு ‘மாரு’ என்ற ஒட்டு இருக்காது. எரிமோ, ஷிரியா, இரோ, சாத்தா, நாருதோ என்று ஜப்பானியக் கடல்முனைகளின் பெயர்களோ நீரிணைகளின் பெயர்களோ அவற்றுக்குச் சூட்டப்பட்டன. இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரம் அன்று. எந்த அலுவலகத்தின் கோப்புகளில் தேட வேண்டும் என்பதையே அது முடிவுசெய்கிறது. போர்க்கால ஜப்பானில் தரைப்படை எடுத்துக்கொண்டவை ‘ஏ’ கப்பல்கள், கடற்படை எடுத்துக்கொண்டவை ‘பி’ கப்பல்கள், குடிமைப் பயன்பாட்டுக்கு விடப்பட்டவை ‘சி’ கப்பல்கள் என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே எண்ணெய்க் கப்பல் சில மாதங்கள் கடற்படையிடமும் பின்னர் குடிமைப் பயன்பாட்டிலும் இருந்திருக்கக்கூடும் என்பதால், ஆவணத்தில் திடீரென்று ஒரு கப்பல் காணாமற்போனால் அது மூழ்கிவிட்டது என்று கருதாமல், பிரிவு மாறியதா என்று பார்ப்பது நல்லது.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அகெபோனோ என்ற அழிகப்பலும் (வேகமான சிறு போர்க்கப்பல்) அகெபோனோ மாரு என்ற எண்ணெய்க் கப்பலும் ஒரே போரில் பணியாற்றின. ஒட்டைக் கவனியாமல் குறிப்பெடுத்தால் இரு கப்பல்களின் வாழ்க்கையும் ஒன்றாகக் குழம்பிவிடும். ஒரே பெயர் எண்களுடன் தொடர்வதும் வழக்கம்: இரண்டாம் தோனான் மாருவும் மூன்றாம் தோனான் மாருவும் வெவ்வேறு கப்பல்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், கட்டிய தளம், ஆண்டு, டன் கணக்கு ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒரு கப்பலை அடையாளம் காண வேண்டும். ஷின்கொகு மாரு கோபேயிலுள்ள கவாசாகி தளத்தில் கட்டப்பட்டு 1940இல் நிறைவுற்றது. மொத்தப் பதிவு ஏறத்தாழ 10,000 டன். இந்த வகைக் கப்பல்கள் சாதாரண எண்ணெய்க் கப்பல்களைவிட வேகமானவை. போர் வந்தால் கடற்படை அணியுடன் சேர்ந்து ஓட வேண்டும் என்ற எண்ணத்துடனேயே அரசு மானியத்தில் இவ்வகைக் கப்பல்கள் கட்டப்பட்டன. அமைதிக் காலத்தில் இவை கலிஃபோர்னியாவிலிருந்து எண்ணெய் ஏற்றி வந்தவை என்பதையும், அதே எண்ணெய் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கச் சென்ற அணிக்கே பயன்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது வரலாற்றின் குறும்பு புலப்படும்.

டன் கணக்கைப் பற்றி இங்கேயே ஓர் எச்சரிக்கை. மொத்தப் பதிவு டன் என்பது எடையன்று, கொள்ளளவு. ஒரு பதிவு டன் நூறு கன அடி. கடற்படைக் கப்பல்களுக்குக் கூறப்படும் டன்னோ அவை விலக்கும் நீரின் எடை. ஏற்றிச் செல்லக்கூடிய சுமையின் எடை மூன்றாவது கணக்கு. இம்மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிய கட்டுரைகளே மிகுதி. கப்பலின் பணியை நாள்வாரியாகப் பதிய நீங்கள் தயாரிக்கும் அட்டவணையில் எந்த டன் என்பதை ஒவ்வோர் இடத்திலும் குறியுங்கள்.

தேதியில் செய்யும் பிழை இதைவிட ஆபத்தானது. ஜப்பானியக் கடற்படை உலகின் எந்த மூலையில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தையே கையாண்டது. அமெரிக்க ஆவணங்கள் உள்ளூர் நேரத்தையோ ஹவாய் நேரத்தையோ கொண்டிருக்கும். பேர்ள் துறைமுகத் தாக்குதல் அமெரிக்கர்களுக்கு டிசம்பர் 7, ஜப்பானியர்களுக்கு டிசம்பர் 8. ஷின்கொகு மாரு மூழ்கிய ட்ரக் தாக்குதல் (ட்ரக் என்பது பசிபிக்கில் இருந்த ஜப்பானியக் கடற்படைத் தளம்) உள்ளூர்க் கணக்கில் 1944 பிப்ரவரி 17, 18. சில அமெரிக்க ஆவணங்களில் அது 16, 17. இரு தரப்புக் குறிப்புகளையும் அப்படியே வரிசைப்படுத்தினால், மூழ்கிய கப்பல் மறுநாள் பயணம் செய்ததாகவோ, ஒரே கப்பல் இருமுறை தாக்கப்பட்டதாகவோ தோன்றும். எனவே எல்லாவற்றையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிய ஒரு பத்தியும், மூல ஆவணத்தில் உள்ள நேரத்தை மாற்றாமல் வைத்த இன்னொரு பத்தியுமாக இரண்டையும் அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய ஆவணங்களைத் தேட இன்று வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. ஜப்பானின் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் 2001இல் தொடங்கப்பட்ட ஆசிய வரலாற்று ஆவண மையம், கடற்படை அணிகளின் போர்க்கால நாட்குறிப்புகளையும் விரிவான சண்டை அறிக்கைகளையும் படங்களாக இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த ஆவணங்களின் குறியீடுகள் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் கூட, கப்பலின் பெயரைக் குறிக்கும் எழுத்துகளைப் படமாக மனத்தில் பதித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடலாம். மெதுவான வேலைதான், ஆனால் நடக்கக்கூடியது. ஓர் எண்ணெய்க் கப்பலின் சொந்த நாட்குறிப்பு கிடைப்பது அரிது. 1945 ஆகஸ்டில் சரணடைவதற்கு முன்னும் பின்னும் பெருமளவு ஆவணங்கள் எரிக்கப்பட்டன. மூழ்கிய கப்பலோடு போனவை வேறு. ஆகவே அந்தக் கப்பல் யாருக்கு எண்ணெய் கொடுத்ததோ அவர்களுடைய நாட்குறிப்பில் தேடுவதே சிறந்த வழி. ஓர் அழிகப்பல் அணியின் குறிப்பில் ‘இன்ன நாள் இன்ன கப்பலிடமிருந்து இத்தனை டன் பெற்றோம்’ என்று இருக்கும் ஒற்றை வரி, எண்ணெய்க் கப்பல் அன்று எங்கே இருந்தது என்பதற்கான சான்றாகிவிடுகிறது. கொடுத்தவர் கணக்கு தொலைந்தால் வாங்கியவர் கணக்கைப் புரட்டுவது நம் மளிகைக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த முறைதான்.

அட்டவணையை அமைக்கும்போது சண்டைகளை மையமாக வைக்காதீர்கள் என்பதே நான் வலியுறுத்தும் கருத்து. எண்ணெய்க் கப்பலின் பணி, எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது, இடையில் எத்தனை நாள் காத்திருந்தது என்ற மூன்றில் அடங்கியிருக்கிறது. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, ஜப்பானின் போர்த் திட்டம் முழுவதும் போர்னியோ, சுமத்ரா எண்ணெய் வயல்களை நோக்கியே வகுக்கப்பட்டது. 1942 ஜனவரியில் தாராகானும் பாலிக்பாப்பானும், பிப்ரவரியில் பாலெம்பாங்கும் அதன் கைக்கு வந்தன. அதற்குப் பின் ஓர் எண்ணெய்க் கப்பலின் பயணங்களை வரைபடத்தில் குறித்தால், அந்தத் துறைமுகங்களுக்கும் ட்ரக், பலாவு போன்ற கடற்படைத் தளங்களுக்கும் ஜப்பானுக்கும் இடையே ஓடும் முக்கோணம் ஒன்று தெரியும். 1943 ஜூலை முதல் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் இடையே ‘ஹி’ என்ற பெயரில் பாதுகாப்புடன் கூடிய கப்பல் தொடர்கள் ஓடின. ஒற்றைப்படை எண் தெற்கு நோக்கியது, இரட்டைப்படை எண் வடக்கு நோக்கியது என்பதைத் தெரிந்துகொண்டால், கப்பல் நிறைந்து சென்றதா வெறுமையாகச் சென்றதா என்பதைத் தொடரின் எண்ணிலிருந்தே பெரும்பாலும் ஊகிக்கலாம்.

கடலில் எண்ணெய் மாற்றிய நாட்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். ஹவாய்ப் பயணத்தில் அழிகப்பல்களுக்கு அடிக்கடி எண்ணெய் ஊட்ட வேண்டியிருந்தது. சில விமானந்தாங்கிகள் கூட உருளைகளில் கூடுதல் எண்ணெயை அடுக்கிச் சென்றன. குளிர்கால வட பசிபிக்கின் அலைகளில் குழாயையும் கயிற்றையும் இணைத்து ஓடுவது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்தால், நாட்குறிப்பின் வறண்ட வரிகள் உயிர்பெறும். தாக்குதலுக்கு முன் எண்ணெய்க் கப்பல்கள் அணியிலிருந்து பிரிந்து, பின்னர் சந்திப்பிடத்தில் காத்திருக்கும் என்பதால், புகழ்பெற்ற நாளன்று உங்கள் கப்பல் சண்டையிலிருந்து வெகுதொலைவில் இருந்திருக்கும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். செலபெஸ் தீவிலிருந்து 1942 மார்ச் இறுதியில் புறப்பட்டு, ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கியை மூழ்கடித்த அணியும் இவ்வாறே கடலில் எண்ணெய் பெற்றுத்தான் இந்தியப் பெருங்கடலில் உலவியது.

இனி எதிர்த்தரப்பின் ஆவணங்கள். அமெரிக்க நீர்மூழ்கிகளின் ரோந்து அறிக்கைகள் பெரும்பாலும் மின்வடிவில் கிடைக்கின்றன. ஒவ்வொரு தாக்குதலின் நேரமும், அட்சரேகை, தீர்க்கரேகையும், ஏவிய டார்பிடோக்களின் எண்ணிக்கையும் அவற்றில் இருக்கும். ஆனால் இரவில் பெரிஸ்கோப் வழியே பார்த்தவர் கூறும் டன் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. போர்க்காலத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏறத்தாழ 4,000 கப்பல்களை மூழ்கடித்ததாக உரிமை கோரின; போருக்குப் பின் தரைப்படையும் கடற்படையும் கூட்டாக அமைத்த மதிப்பீட்டுக் குழு 1947இல் ஏற்றுக்கொண்டது 1,314. அந்தக் குழுவின் பட்டியலிலும் பிழைகள் உண்டு. எனினும் தொடங்குவதற்கு அதுவே ஏற்ற இடம். நம் ஏழு கப்பல்களின் முடிவை ரோந்து அறிக்கைகளுடன் ஒப்பிட்டால் இவ்வாறு அமைகிறது: தோயெய் மாருவை 1943 ஜனவரி 18இல் சில்வர்சைட்ஸ் நீர்மூழ்கியும், தோஹோ மாருவை அதே ஆண்டு மார்ச் 29இல் மக்காஸர் நீரிணையில் கஜ்ஜன் நீர்மூழ்கியும் மூழ்கடித்தன. 1944 ஜனவரி 14 ஒரே நாளில் கென்யோ மாரு கார்ட்ஃபிஷுக்கும், நிப்பொன் மாரு ஸ்கேம்புக்கும் இரையாயின. ஷின்கொகு மாரு பிப்ரவரியில் ட்ரக்கில் விமானத் தாக்குதலுக்கு உள்ளானது. கொகுயோ மாருவை ஜூலை 30இல் போன்ஃபிஷ் வீழ்த்தியது. கடைசியாகக் கியோகுதோ மாரு செப்டம்பர் 21இல் மணிலா விரிகுடாவில் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லேய்ட்டே வளைகுடாப் போருக்கு ஜப்பானிய அணி புறப்பட்டபோது இந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

நீர்மூழ்கி ஏன் சரியாக அந்த இடத்தில் காத்திருந்தது என்று கேட்பதும் தொகுப்பாளரின் கடமை. ஜப்பானியக் கப்பல் தொடர்கள் தம் நண்பகல் இருப்பிடத்தை வானொலியில் அறிவித்துவந்தன. அவற்றின் சங்கேதம் உடைக்கப்பட்டிருந்தது. வணிகக் கப்பல்களுக்கான சங்கேதமொன்றை 1942 நவம்பரில் உடைத்தவர்கள் கென்யாவின் கிலிந்தினியில் இருந்த பிரித்தானியக் குழுவினர். அக்குழு முன்னர் கொழும்பில் இருந்தது. ஏப்ரல் தாக்குதல் ஏற்படுத்திய அச்சத்தால்தான் ஆப்பிரிக்கக் கரைக்கு இடம்பெயர்ந்தது. எண்ணெய்க் கப்பல்கள் ஊட்டிய அணி கொழும்பிலிருந்து விரட்டிய அதே மனிதர்கள், பின்னாளில் எண்ணெய்க் கப்பல்களின் வழித்தடங்களை வெளிச்சமிட்டார்கள்.

தாக்கப்பட்டும் மூழ்காத நிகழ்வுகளை விட்டுவிடாதீர்கள். மிட்வே போரில் 1942 ஜூன் 4 அதிகாலை கேட்டலினா பறக்கும் படகு ஒன்று ஏவிய டார்பிடோ அகெபோனோ மாருவின் முன்பகுதியைத் தாக்கியது. அப்போரில் அமெரிக்க விமானம் ஏவி இலக்கைத் தொட்ட டார்பிடோ அது ஒன்றே. கப்பலோ தொடர்ந்து பயணம் செய்தது. 1944 மார்ச் 30இல் பலாவில்தான் அழிந்தது. மூன்றாம் தோனான் மாரு, எண்ணெய் சுமக்கப் பயன்படுத்தப்பட்ட திமிங்கில வேட்டைத் தாய்க்கப்பல். அதை 1943 ஜூலை 24இல் டினோசா நீர்மூழ்கி நிறுத்திவைத்து, அசையாத இலக்கின்மீது செங்குத்தாக டார்பிடோக்களை ஒவ்வொன்றாக ஏவியும், அடுத்தடுத்து அவை வெடிக்கவில்லை. ஒன்றை மட்டும் ஆய்வுக்காக எஞ்சவைத்துத் திரும்பினார் அதன் தலைவர் டாஸ்பிட். நேராக மோதினால் வெடிமுனை பழுதடைகிறது என்ற உண்மை அதன்பின் நடந்த சோதனைகளில் வெளிப்பட்டது. ஜப்பானியத் தரப்பில் ‘சேதம், இழுத்துச் செல்லப்பட்டது’ என்று முடியும் ஒரு பதிவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சிதைவுகள் கிடக்கும் இடமும் ஆவணந்தான். இன்று சூக் என்று அழைக்கப்படும் ட்ரக்கின் காயலில் ஷின்கொகு மாரு நிமிர்ந்த நிலையில் கிடக்கிறது. முக்குளிப்போர் எடுத்த படங்களைக் கட்டுமான வரைபடத்துடன் ஒப்பிட்டால் எங்கே அடிபட்டது என்பதைச் சரிபார்க்கலாம். ஹோயோ மாரு என்ற இன்னோர் எண்ணெய்க் கப்பல் அங்கேயே தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது. அவை பலருக்குக் கல்லறை. எதையும் எடுக்கவோ நகர்த்தவோ கூடாது.

அட்டவணையை ‘மூழ்கியது’ என்ற வரியோடு மூடிவிடாமல் கீழே சில வரிகளைக் காலியாக விட்டுவையுங்கள். ஷின்கொகு மாரு அழிந்த அதே ட்ரக் தாக்குதலில் மூழ்கிய மூன்றாம் தோனான் மாரு, 1951இல் மேலே தூக்கப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்டது.